என்ன சொல்லிப் பந்து கேட்பது

பஸ்ஸில் போகும்போது நான் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் "இறக்கம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேறு யாராவது அங்கே இறங்கினால் சேர்ந்து இறங்கிக்கொள்வேன். இல்லாவிட்டால் அடுத்த ஸ்டாப் வரை போய்விட்டு நடந்து வருவேன். ஐம்பதை நெருங்குகிற வயதிலும் அப்படித்தான். ஆலங்குடி ரோட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவருகிறவர்கள் நடந்ததையெல்லாம் அவர்களே சொல்லிவிட்டுப் போவார்கள். நான் தலையாட்டுவேன். பிழைப்புக்கு அது போதுமானதாக இருந்தது. அப்படி இருந்தவனைப் பலர் முன்னால் வாய்விட்டுக் கத்தச் சொன்னது கால்பந்துதான்.

எங்கள் ஊர் கோவில் திருவிழாவில் இளவட்டங்களுக்குக் கால்பந்துப் போட்டி நடக்கும். அதற்கு நடுவே கூட்டம் கலையாமல் இருக்க, போன வருடம் நாற்பது தாண்டியவர்களுக்கும் ஒரு ஆட்டம் வைத்தார்கள். பக்கத்துக்கு ஏழு பேர். ஆள் போதவில்லை என்று டீக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். மாட்டேன் என்று சொல்லவும் வாய் வேண்டுமே, போய் நின்றுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் வெறுங்காலோடு ஆடிய பழக்கம் கொஞ்சம் இருந்தது.

எதிரணி மணமேல்குடி பக்கத்துக்காரர்கள். கடலுக்குப் போய் வருகிறவர்கள், ஒருவருக்கும் தொப்பை இல்லை. பந்து முழு நேரமும் அவர்களிடமே இருந்தது. எங்களிடம் எப்போதாவது வழி தவறி வந்தது. வந்த உடனே ஓங்கி உதைத்து மைதானத்துக்கு வெளியே தைலமரக் காட்டுக்குள் அனுப்பினோம். மைக்கில் வர்ணனை செய்தவர், "நமது ஊர் அணியினர் மறுபடியும் காட்டுக்கு விறகு பொறுக்கச் செல்கிறார்கள்" என்றார். ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு நாலைந்து மாதம் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் விறகு என்ன விலை என்று கேட்டார்கள்.

எங்கள் கோல்கீப்பரே அந்த டீக்கடைக்காரர்தான். அவமானம் அவருக்குத்தான் அதிகம். அவருடைய மகள் கல்லூரி அணியில் ஆடியவள். உடற்கல்வி படித்து முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். இந்த வருடம் திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே, "இவங்களை நான் பாத்துக்கிறேன்ப்பா" என்று களத்தில் இறங்கிவிட்டாள். கழுத்தில் ஒரு விசில். கையில் ஒன்றும் இல்லை. அவள் வாயே போதும்.

முதல் நாள் சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் தேங்காய் மட்டைகளை நாலு மூலைக்கு வைத்து ஒரு சதுரம் போட்டாள். சுற்றி ஐந்து பேர் நிற்க வேண்டும். நடுவில் இரண்டு பேர். சுற்றி நிற்பவர்கள் பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் இருப்பவர்கள் பறிக்க வேண்டும்.

"கோல் எங்கிட்டும்மா?" என்று கேட்டார் எங்களில் மூத்தவர். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயரானவர்.

"கோல் கிடையாது பெரியப்பா. பந்து நம்மகிட்டயே இருக்கணும். அவ்வளவுதான்."

"கோல் இல்லாம எதுக்கு ஓடணும்? டிக்கெட் எடுக்காம பஸ்ல ஏறுன மாதிரில்ல இருக்கு."

"மொதல்ல பஸ்ஸ விட்டுக் கீழ விழாம இருப்போம். அப்புறம் டிக்கெட் எடுப்போம்" என்றாள்.

ஆரம்பித்த பிறகுதான் எங்கள் நோய் என்ன என்று தெரிந்தது. உள்ளே இருக்கிற எல்லோரும் ஒருவருக்கொருவர் ஏதோ ஒரு உறவு. மச்சான் நடுவில் நின்றால் அவரை அலைக்கழிக்க எல்லோருக்கும் கொள்ளை ஆசை. சின்ன மாமனார் பந்தோடு நின்றாலோ, அவர் காலிலிருந்து பறிக்க ஒருவரும் கிட்டே போவதில்லை. இரண்டு பேருக்கு நடுவில் பந்து உருண்டு வரும். "நீங்க எடுங்க." "இல்ல இல்ல, நீங்க எடுங்க." பந்து இருவரையும் மதிக்காமல் நடுவில் புகுந்து வெளியே போய்விடும். அந்தப் பெண் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள்.

"பந்தி பரிமாறவா வந்திருக்கீங்க? பந்து வேணுங்கிறவங்க வாயத் தெறந்து கேளுங்க. கேக்காதவங்களுக்குப் பந்து கிடையாது."

உடனே எல்லோரும் "இங்க, இங்க" என்று கத்த ஆரம்பித்தார்கள். காக்காய்க் கூட்டம் மாதிரி இருந்தது. அதையும் தடுத்துவிட்டாள். "எல்லாரும் இங்கன்னா எங்கன்னு எடுத்துக்கிறது? பந்து யார்கிட்ட இருக்கோ அவர மொறை சொல்லிக் கூப்புட்டுக் கேளுங்க. அப்பத்தான் அவரு திரும்பிப் பாப்பாரு."

எனக்குச் சத்தம் வரவில்லை. மாமா என்று ஆரம்பித்து அது தொண்டைக்குள்ளேயே நின்றது. அன்று முழுக்க எனக்கு ஒரு பந்தும் வரவில்லை. இன்னொன்றையும் அவள் கண்டுபிடித்துவிட்டாள். பந்து எங்கே இருக்கிறதோ அதற்கும் எனக்கும் நடுவில் எப்போதும் யாராவது ஒரு ஆள் நிற்கிற மாதிரிப் பார்த்து நான் நின்றுகொண்டேன். தெரிந்து செய்ததில்லை, கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் என் கால் அப்படித்தான் தூண் பார்த்துப் போகும்.

"ஆளுக்குப் பின்னாடி ஒளியாதீங்க மாமா. பந்து வச்சிருக்கிறவரு கண்ணுக்கு நீங்க தெரியணும். ரெண்டு எட்டு தள்ளி நின்னாப் போதும்" என்றாள்.

அந்தச் சமயத்தில் என் வீட்டில் ஒரு விஷயம் தொங்கிக்கொண்டிருந்தது. என் மகள் புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிறாள். வந்த வரன்களையெல்லாம் ஏதாவது சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தவள், கண்மாய்க்குத் தெற்கே இருக்கிற தெருவிலிருந்து வந்த ஒரு வரனைப் பற்றி மட்டும், "இந்த எடம் பரவால்லப்பா" என்றாள். எங்கள் வீட்டில் அது வாணவேடிக்கை விட்டதற்குச் சமம். பையன் வேளாண்மை ஆபீஸில் வேலை. பையனுடைய அப்பா ரொம்ப வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து, இப்போது தேங்காய் வாங்கி விற்கிறார். குரல் பெரிய குரல். லாரி லோடு ஏற்றும்போது அவர் பேசுவது கண்மாய்க்கு இந்தப் பக்கம் கேட்கும்.

அவர்கள் வீட்டைப் பார்க்கப் போனோம். கேசரி சாப்பிட்டோம். அவர் என்னிடம் என்னென்னவோ கேட்டார். நான் தலையாட்டினேன். புதிதாகப் போட்ட போர்வெல்லைக் காட்டி, "நீங்க மோட்டார்க்காரரு, எப்புடி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். மோட்டாருக்குப் போகிற கேபிளைப் பார்த்ததும் என் மனதுக்குள் ஒன்று தோன்றியது. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். முதல் தடவை வந்த இடத்தில் குறை சொல்வதா என்று நினைத்து, அதற்கும் தலையாட்டினேன்.

நாலு நாள் கழித்து, இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேசிய உறவுக்காரர் வந்தார். "பொண்ணோட அப்பா மொகமே குடுத்துப் பேசலையாம். இஷ்டமில்லாம வந்த மாதிரி இருந்துச்சாம். திருவிழா முடியட்டும், பாத்துக்கலாம்ங்கிறாங்க."

எங்கள் பக்கத்தில் பாத்துக்கலாம் என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் அர்த்தம். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. மகள் வழக்கமாக வேலைவிட்டு வந்ததும் ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் சொல்வாள். அது நின்றுபோயிற்று.

இந்த நிலைமையில், திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மைதானத்துக்குள் ஒரு பைக் வந்து நின்றது. முட்டியில் கட்டுத்துணியோடு இறங்கியவர் அந்தப் பையனுடைய அப்பா.

"வெளிநாட்டுல இருந்தப்ப வெள்ளிக்கிழமையானா மலையாளிகளோட ஆடுவோம். ஆள் வேணும்னு கேள்விப்பட்டேன், வந்தேன்" என்றார், எல்லோருக்கும் பொதுவாக.

நான் தைலமரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் அவரை நடுவில் ஆடச் சொன்னாள். என்னை அவருக்கு இடது பக்கம் போட்டாள். "நீங்க ரெண்டு பேரும் ஒரு கயித்துல கட்டுன மாதிரி இருக்கணும். அவரு அங்கிட்டுப் போனா நீங்க இங்கிட்டு வரணும். அவருகிட்ட பந்து வந்தா நீங்கதான் மொதல்ல கேக்கணும்."

சம்பந்தப் பேச்சு நடப்பது ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியாமல் இருக்காது. மைதானத்துக்குள் அதெல்லாம் அவளுக்குக் கணக்கில்லை.

எனக்கு வந்த சிக்கல் இதுதான். அவரை என்னவென்று கூப்பிடுவது? இதுவரை நேரடியாகக் கூப்பிட வேண்டிய தேவையே வந்ததில்லை. வயதில் என்னைவிட மூத்தவர், பேர் சொல்ல முடியாது. மாமா, மச்சான் என்றால் கல்யாணம் முடிவான மாதிரி நானே உரிமை எடுத்துக்கொண்டதாகிவிடும். சம்பந்தி என்பதோ முடிவு செய்த பிறகுதான் வாயில் வர வேண்டிய வார்த்தை. அண்ணே என்பது எல்லாவற்றையும்விட ஆபத்து. அவர் எனக்கு அண்ணன் என்றால் அவர் மகன் என் மகளுக்கும் அண்ணன் ஆகிவிடுவான். வேறு இடங்களில் வழிப்போக்கரைக்கூட அண்ணே என்கிறார்கள், அது ஒன்றும் இல்லை. ஆனால் பெண் கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிற வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்னால் பேச்சை முறிக்கிறோம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

முதல் நாள், யோசித்து யோசித்து, "ஏங்க" என்றேன்.

கண்டக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஏப்பா, ஒன் பொண்டாட்டி ஒன்னய அரிசி வாங்கியாரச் சொல்லிக் கூப்புடுற மாதிரில்ல இருக்கு!"

அடுத்த நாள் "சார்" என்றேன்.

"சாரா? தாசில்தார்கிட்டயா மனு குடுக்குற? பந்துதானய்யா கேக்குற" என்றார் மறுபடியும் கண்டக்டர்.

அந்தப் பெரிய குரல்காரர் இரண்டுக்கும் சிரிக்கவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நான் அவரை எந்த முறையும் சொல்லாமல் ஒதுக்குகிறேன் என்று நினைத்திருப்பார்.

மூன்றாவது நாள் நாலு பேருக்கு நாலு பேராகப் பிரித்து ஆடவிட்டாள். கோல் கிடையாது, பந்தைப் பறிகொடுக்காமல் வைத்திருக்க வேண்டும். அவரை இரண்டு பேர் மடக்கிவிட்டார்கள். எனக்கு முன்னால் யாருமே இல்லை. ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு வெற்றிடம். வாழ்க்கையில் முதல்முறையாக யாருக்கும் பின்னால் ஒளியாமல் நின்றேன். எனக்கே என்னை நம்ப முடியவில்லை. அந்த வேகத்தில் குரல் தானாகக் கிளம்பிவிட்டது.

"அண்ணே! இங்கிட்டு விடுங்கண்ணே!"

அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. மைதானம் நின்றுவிட்டது. மடக்கிய இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். கண்டக்டர், "அண்ணனா?" என்று ஆரம்பித்து, சிரிக்கப் போய், சிரிக்காமல் வாயை மூடிக்கொண்டார். பையனுடைய அப்பா பந்தின் மேல் காலை வைத்து என்னைப் பார்த்தார்.

"அப்படிங்களா" என்றார்.

பந்தை அந்தப் பெண் பக்கம் தள்ளிவிட்டு, "முட்டி வலிக்குதும்மா, நான் கெளம்புறேன்" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் வீட்டுக்குப் போவதற்கு முன்பே செய்தி போய்விட்டது. "ஊரு ஒலகத்துல ஒரு எடத்துலயும் வாயத் தெறக்க மாட்டீங்க. தெறந்தா இதுதான் வரணுமா?" என்றாள் மனைவி. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

"விடும்மா. பந்துக்குத்தானே கூப்புட்டாரு" என்று மகள் உள்ளேயிருந்து சொன்னாள். பிறகு தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துபோனாள். மனைவி திட்டியதை என்னால் தாங்கிக்கொள்ள முடிந்தது. அந்தப் பாதிச் சோறுதான் என்னை என்னவோ செய்தது.

நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று மறுநாள் காலையில் கிளம்பினேன். பதற்றத்தில் வந்துவிட்டது, மனதில் ஒன்றும் இல்லை. இதைத்தான் சொல்ல வேண்டும், இரண்டு வரிதான். கண்மாய்க் கரை வரை போனேன். அங்கே வண்டியை நிறுத்தி அந்த இரண்டு வரியையும் தண்ணீரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். தண்ணீரிடம் நன்றாகத்தான் வந்தது. லாரிக்குப் பக்கத்தில் அவர் குரல் கேட்டதும் திரும்பி வந்துவிட்டேன். நடுவில் பேசிய உறவுக்காரரும் போன் செய்யவில்லை. செய்யாததே பதில் மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் பயிற்சிக்குப் போகப் போவதில்லை என்று கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். புதுக்கோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கி மகள் நேரே கடைக்கு வந்தாள்.

"போகலையாப்பா?"

"வேணாம்த்தா."

"நீங்க போகலன்னாத்தான் தப்பா நெனப்பாங்க. போங்க. கடைய நான் பூட்டிட்டு வாரேன்."

போனேன். அவரும் வந்திருந்தார். ஒரு கல்லில் உட்கார்ந்து முட்டிக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று கோவிலில் ஒலிபெருக்கி கட்டி முடித்துவிட்டார்கள். ஒன்றைப் பள்ளிக்கூட மதிலுக்கு மேலே, எங்கள் மைதானத்தைப் பார்த்து வைத்திருந்தார்கள். பாட்டு போட்டால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அந்தப் பெண் விசிலை ஊதினாள், அதுவும் கேட்கவில்லை. எல்லோரையும் கிட்டே கூப்பிட்டு, காதருகில் கத்தினாள்.

"இன்னைக்குக் கூப்புட்டுப் பிரயோசனமில்ல! கண்ணால பாத்து ஆடுங்க! பந்து குடுத்தவரு நிக்காதீங்க, நகருங்க! பந்து இல்லாதவங்களுக்குத்தான் வேலை அதிகம்!"

அவள் சொன்னது எனக்குக் கடவுள் கொடுத்த வரம் மாதிரி இருந்தது. பேச வேண்டியதில்லை.

பந்து அவரிடம் போகும்போதெல்லாம் நான் கிளம்பினேன். அவரை மறித்து ஒருவர் வந்தால், அந்த ஆளுடைய தோளுக்கு அப்பால், அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இரண்டு எட்டு தள்ளி வந்து நின்றேன். கொடுத்தால் வாங்கினேன். வாங்கியதும் அவருக்கே திருப்பித் தட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தேன். கொடுக்காவிட்டாலும் நகர்ந்தேன். என் பின்னால் ஒருவர் ஓடிவந்தால் அந்த இடம் காலியாகி வேறு யாருக்காவது உதவியது. யாருக்கு என்ன தேவை என்று ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்து இருக்கிற பழக்கம். பந்தியில் யார் இலையோரம் தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும். எடுத்து வைத்துவிட்டு வந்துவிடுவேன், வைத்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அதேதான் இதுவும். இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது, ஒரு பெண் விசில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லித் தருவாள் என்றெல்லாம் நான் நினைத்ததே இல்லை.

முதலில் அவர் எனக்குக் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் தட்டினார். கோபம் இருக்கத்தானே செய்யும். ஆனால் மடங்கிக்கொண்டு திரும்பினால் நான் நிற்கிறேன். அந்தப் பக்கம் மடங்கினால் அங்கேயும் நிற்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து வேறு வழியில்லாமல் ஒரு பந்து தந்தார். உடனே அவருக்குத் திரும்பக் கிடைத்தது. பிறகு ஒன்று. பிறகு பார்க்காமலே தர ஆரம்பித்தார். நான் அங்கே இருப்பேன் என்று வைத்துக்கொண்டு தட்டினார், நான் அங்கே இருந்தேன்.

பாட்டு நின்ற இடைவெளியில் அந்தப் பெண், "ஒளிஞ்சுக்கிட்டே இருந்தீங்களே மாமா, இன்னைக்கு எங்கிட்டுத் திரும்புனாலும் நீங்கதான் தெரியிறீங்க" என்றாள். அவர் கொஞ்சம் தள்ளி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும். போகும்போது, "வாரேன்" என்றார். எல்லோரையும் பார்த்துச் சொன்னாரா, என்னைப் பார்த்துச் சொன்னாரா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். மகளிடம் சொன்னேன். "எந்தப் பக்கம் மொகத்த வச்சிருந்தாருப்பா?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

திருவிழா வந்தது. அதே மணமேல்குடி ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள். அதே வர்ணனைக்காரர். "விறகுக்குப் பெயர்போன நமது அணி" என்று ஆரம்பித்தார். மைதானத்தைச் சுற்றிக் கூட்டம். பெண்கள் பக்கத்தில் என் மனைவியும் மகளும் நின்றார்கள். கொஞ்சம் தள்ளி பையன் வீட்டுப் பெண்கள் நின்றார்கள். நடுவில் இரண்டு குடை இடைவெளி. நான் பந்தைவிட அந்த இடைவெளியைத்தான் அதிகம் பார்த்தேன்.

ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கூட்டத்துக்கு ஏதோ வித்தியாசம் தெரிந்துவிட்டது. பந்து எங்களிடம் இருந்தது. கோல் பக்கம் போகவில்லைதான். ஆனால் எங்களுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. கண்டக்டரிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து பையனுடைய அப்பாவுக்கு, பின்னால் கோல்கீப்பருக்கு, மறுபடி எனக்கு. மணமேல்குடிக்காரர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். விறகுப் பேச்சை வர்ணனைக்காரர் விட்டுவிட்டார். "இது நம்ம ஊர் அணிதானா என்று கமிட்டியார் சரிபார்க்கவும்" என்றார். ஒரு கோல் வாங்கினோம். அது அவர்களுடைய காலின் பலம், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

இடைவேளைக்குப் பிறகுதான் அது நடந்தது. கோட்டோரத்தில் அவரிடம் பந்து. மூன்று பேர் வந்து சுற்றிக்கொண்டார்கள். முதுகுக்குப் பின்னால் கோடு, முன்னால் ஆட்கள். நான் என் இடத்திலிருந்து கிளம்பி, அந்த மூன்று பேருக்கும் நடுவில் தெரிந்த ஒரு சந்துக்கு நேராக வந்து நின்றேன். வாயைத் திறக்கவில்லை. திறக்கவே கூடாது என்று வீட்டில் உத்தரவு. அவர் தலையை நிமிர்த்தினார். என்னைப் பார்த்தார். லாரிக்கு லோடு சொல்கிற அந்தக் குரலில் கத்தினார்.

"சம்மந்தி! இந்தாங்க, பிடிங்க!"

பந்து அழகாக அந்தச் சந்தில் நுழைந்து என்னிடம் வந்தது. நான் பந்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து என் காலுக்கு அடியில் புகுந்து, பின்பக்கமாக உருண்டு, கோட்டைத் தாண்டி, தைலமரக் காட்டுக்குப் போய்விட்டது.

அந்தப் பெண் விசிலைக் கடித்துக்கொண்டு, "மாமா...!" என்று அலறினாள். மைக்கில், "சம்பந்தி வீட்டார் கொடுத்த பரிசத்தை வாங்கத் தெரியாமல் விட்டுவிட்டார்" என்று அறிவித்தார்கள். ஒலிபெருக்கி ஊர் முழுக்க இருந்தது. கடைத்தெருவில் இருந்தவர்களுக்குக்கூட விஷயம் தெரிந்துவிட்டது. நான் பெண்கள் பக்கம் திரும்பினேன். அந்த இரண்டு குடை இடைவெளியைக் காணவில்லை. என் மனைவியும் அவர் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து செல்போனில் எதையோ வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று எனக்குத் தெரியும்.

மிச்ச ஆட்டத்தில் என் கால் எங்கே போனது, பந்து எங்கே போனது என்று ஞாபகமில்லை. ஒரு கோலில் தோற்றோம். கண்டக்டர், "தோத்த மாதிரியே இல்லையே" என்று எல்லோரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பில் எங்கேயோ இறுக்கிக் கட்டியிருந்த ஒரு கயிறு அவிழ்ந்த மாதிரி இருந்தது. மூச்சு கடைசி வரை உள்ளே போய் வந்தது. வரன் பார்க்கப் போன நாளிலிருந்து அப்படி ஒரு மூச்சு விட்டதில்லை.

அவர் இரண்டு பன்னீர் சோடா வாங்கிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடப் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அண்ணேன்னுட்டீங்களே" என்றார்.

"பதறிப்போச்சு" என்றேன். கண்மாய்க் கரையில் தயார் செய்த இரண்டு வரியில் பாதிதான் வந்தது.

"நான் வீட்ல போயி, அவரு மறுத்துட்டாருன்னு சொன்னேன். எங்க வீட்டம்மா அப்புடிச் சிரிக்கிது. வாயே தெறக்காத மனுசன் பந்துக்காக என்னமோ கத்துனத வச்சு, பையன் கல்யாணத்த முடிவு பண்ணுவீங்களாங்கிது. இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பல." சோடாவை ஒரு மடக்குக் குடித்தார். "மறுநா அந்தப் பாட்டுச் சத்தத்துல ஆடுனோம் பாருங்க. எங்கிட்டு மாட்டுனாலும் ஒரு ஆளு வந்து நிக்கிறாரு. நான் குடுக்கல. அப்பவும் வந்து நிக்கிறாரு. இஷ்டமில்லாத ஆளு இப்புடி ஓடுவாரான்னு தோணுச்சு."

நான் தலையாட்டினேன். இந்த முறை அவர் அதைச் சரியாகவே எடுத்துக்கொண்டார் போல, சிரித்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னைக்கு எங்க போர்ல கேபிளப் பாத்துட்டு ஏதோ சொல்ல வந்தீங்க. சொல்லல."

"கேபிள் சன்னமா இருக்கு. அந்த ஆழத்துக்குத் தாங்காது. மோட்டார் எரிஞ்சிரும்" என்றேன்.

அவர் சோடாப் பாட்டிலைப் படியில் வைத்தார். "எரிஞ்சிருச்சு. முந்தாநாளு."

பிறகு அவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அதத் தலையாட்டாமச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல சம்மந்தி!" தைலமரக் காட்டில் பந்து தேடப்போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பரிசம் போட நாள் குறித்தார்கள். நான் அங்கேயும் தூண் பக்கம்தான் இருந்தேன். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவரு அப்புடித்தான், எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருப்பாரு" என்று அவரே நாலு பேரிடம் சொன்னார். மகள் ஆஸ்பத்திரிக் கதைகளை மறுபடி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். சில நாட்களில் நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பயிற்சி திருவிழாவோடு நின்றுவிடவில்லை. அந்தப் பெண் வாரத்தில் இரண்டு சாயங்காலம் எங்களை விடாமல் ஓடவைக்கிறாள். இப்போது எனக்கு அவரைக் கூப்பிட வார்த்தை இருக்கிறது. ஆனால் சத்தம் இன்னும் முழுசாக வரவில்லை. மடக்கிய ஆட்களுக்கு மட்டும் கேட்கிற அளவில் வந்து நிற்கிறது.

அவருடைய மோட்டார் என் கடைக்குத்தான் வந்தது. புதுக் காயில் கட்டி முடித்து, கடை வாசலில் வைத்து ஓடவிட்டுப் பார்த்தேன். சீராக ஓடியது. நல்ல இரைச்சல். தெருவில் யாரும் இல்லை. இந்தச் சத்தத்துக்குள் யாருக்குக் கேட்கப் போகிறது என்று நினைத்து, ஒருதரம் வயிற்றிலிருந்து எடுத்துக் கத்திப் பார்த்தேன்.

"சம்மந்தி! இங்கிட்டு விடுங்க!"

மோட்டார் வாங்கிப்போக அவர் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"விடுறேன், விடுறேன்" என்றார். "பந்து எங்க?"